கேட்டுப்போட்டுச் சொல்கிறவர்

கடைக்காரன் காதுக்குப் பிடிக்காத ஒரு வாக்கியம் எங்கள் பக்கத்தில் உண்டு. "ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க." கோயமுத்தூரில் ஒரு ஆள் இப்படிச் சொல்லிவிட்டுக் கடைப்படி இறங்கினால், பொருள் வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஜனங்களுக்கு வாய் வராது. பழியை மரியாதையாக வீட்டுக்காரி தலையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒரே ஒருத்தர் மட்டும் அப்படிச் சொல்லிவிட்டுப் போய், சொன்ன சொல்லுக்கு மறுபடி வந்து நிற்பார்.

ஒப்பணக்காரத் தெருவில் அப்போது நான் ரேடியோ கடை வைத்திருந்தேன். ரேடியோ, ரேடியோகிராம், இசைத்தட்டு, ரிப்பேர், எல்லாமும் உண்டு. முப்பது வயசு தாண்டியிருக்கும். வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. நான் சொன்ன அந்த ஒருத்தர் பீளமேட்டில் பம்புசெட் மோட்டார் பட்டறை நடத்திவந்தார். நெட்டை ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, காதோரம் மட்டும் நரை, சட்டைக்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா பதக்கம். பட்டறைதான் டவுனில், குடியிருப்பு கருமத்தம்பட்டி தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தோட்டத்து வீட்டில். அந்த வீட்டை எங்கள் தெருவில் ஒருத்தரும் பார்த்ததில்லை. வீட்டம்மாவையும் பார்த்ததில்லை. அதனாலேயே அந்த அம்மாவைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று தெரிந்து வைத்திருந்தார்கள், ராட்சசி என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

ஒருதரம் மேசை விசிறி வாங்க வந்தார். நான் நாலு மாடலை ஓடவிட்டுக் காட்டினேன். வழக்கம்போல, "ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றார். கேட்பதற்காக ஒரு விசிறியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டும் போனார். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது.

"வேண்டாமுங்க தம்பி. சத்தம் வருது."

நான் விசிறியை ஓடவிட்டுக் காதை ஒட்ட வைத்துக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்ணா."

"உங்களுக்கு எப்படிங்க கேக்கும்? கடை வாசல்ல பஸ்ஸு போயிட்டே இருக்குதில்ல" என்று சிரித்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். அதுவும் திரும்பி வந்தது. ஒரு மாசம் கழித்து நாலாவதாகப் போனதுதான் வீட்டில் தங்கியது. என் கடைப் பையன்கள் அவருக்கு 'கேட்டுப்போட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அண்ணா, கேட்டுப்போட்டு வர்றாரு" என்று ஒருத்தன் உள்ளே வந்து சொல்வான். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்ணா, வாங்ணா" என்று எழுந்து நிற்பேன்.

மோட்டார் பட்டறைக்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது. அதன் கூட்டத்துக்கு மைக் செட் கட்ட நான் போயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வருசம் தலைவராக அவரையே போடலாம் என்று எல்லாரும் ஒரே மனசாகச் சொன்னார்கள். மற்றவர்களாக இருந்தால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மாலைக்குக் கழுத்தை நீட்டியிருப்பார்கள். இவர் எழுந்து நின்று, மைக்குக்கு முன்னாலேயே, "ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றார். ஒலிபெருக்கி அதை வாங்கித் தெரு முழுக்கச் சொன்னது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் இருந்த மீசைக்கார ஃபவுண்டரி முதலாளி ஒருத்தர், "ஏனுங்க, கேக்காமச் சொன்னா ஊட்ல அம்மணி சத்தம் போட்டுருவாங்களாட்டம் இருக்குது!" என்று எடுத்துவிட்டார்.

இவர் முகம் கொஞ்சம்கூடக் கோணவில்லை. "சத்தம் போட்டா நெம்ப சந்தோசமுங்க" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. அடுத்த வாரம் வந்து, வீட்டில் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொல்லித் தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டார். பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று ஊர் பேசினால் எங்கள் பக்கத்து ஆம்பிளைக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். இந்த மனுசனுக்கு அது வராதது எனக்கு அதிசயமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

தொழிலில் மட்டும் அவரை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவர் மோட்டாரின் பெருமையே அது சத்தம் போடாது என்பதுதான். பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியில்லை என்றால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், மோட்டார் மறுபடி மேசைக்கு ஏறிவிடும். அவிநாசிப் பக்கத்து விவசாயி ஒருத்தர் பட்டறைக்கே வந்து சண்டை பிடித்தாராம். "ஓடுதா நின்னுபோச்சான்னே தெரிய மாட்டேங்குது. தோட்டத்துக்குள்ள போயி எட்டிப் பாக்க வேண்டியிருக்குது. என்ன மோட்டாருங்க இது?" இவர் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்து, "எட்டிப் பாத்தாப் போச்சுங்க. இந்த மோட்டார் ஓடறப்ப ஊட்ல உங்களை யாராச்சும் கூப்புட்டாங்கன்னா காது கேக்குமுங்களே" என்றாராம். இந்தப் பதிலும் தெருவுக்கு வந்து சேர்ந்து, கொஞ்ச நாள் எங்களுக்கு வெற்றிலை பாக்கு மாதிரி மெல்லக் கிடைத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும். கடையில் ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் வைத்திருந்தேன். வருகிறவர்களை நாலு வார்த்தை பேசச் சொல்லித் திருப்பிப் போட்டுக் காட்டுவேன். அந்த விளையாட்டில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. பேசியவர் முகம் சுருங்கும். "இது என்ற குரலே இல்லீங்க, மெசின்ல ஏதோ கோளாறு" என்பார். கூட வந்தவர், "அட, அச்சு அசல் நீதானப்பா!" என்பார். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் இப்படியேதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவர் வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அதிசயமாகத் தானே பேச்சை எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, என்றகிட்ட ஒரு பிளேட்டு இருக்குதுங்க. ஒரு பொண்ணு பாடுன மாதா பாட்டு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். வேற எங்க தேடுனாலும் கெடைக்காது. அதைத் தேய்க்காமப் பாடற ஊசி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

விசயம் எனக்குப் புரிந்தது. பழைய கிராமபோனின் இரும்பு ஊசி தட்டைச் செதுக்கிக்கொண்டேதான் ஓடும். கேட்கக் கேட்கப் பாட்டு தேய்ந்துகொண்டே போகும். ரேடியோகிராமில் ஊசியைப் பிடித்திருக்கிற கிரிஸ்டல் தலை கொஞ்சம் தேவலை. ஆனாலும் அதுவும் கனமாகத்தான் உட்காரும், மழைக்காலத்தில் ஈரம் பட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும். "மூவிங் காயில்னு ஒரு ஜாதி இருக்குதுங்ணா" என்று ஆரம்பித்தேன். ஊசியின் மறுமுனையில் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு துளிக் காயில். அதைச் சுற்றிக் காந்தம். தட்டின் வரி ஊசியை அசைக்க, ஊசி காயிலை அசைக்க, அதில் பிறக்கிற கரண்டுதான் பாட்டு. ரொம்பக் கொஞ்சமான கரண்டு என்பதால் நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வைத்துப் பெருக்க வேண்டும். தட்டின் மேல் பூப்போல உட்காரும்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "மோட்டாருக்குக் கரண்டு குடுத்தா ஆடுது. இதை ஆட்டுனாக் கரண்டு குடுக்குது. நம்ம காயில்தானுங்க, திருப்பிப் போட்டிருக்கறாங்க!" ஆயுசு முழுக்கக் காயில் கட்டியவர் இல்லையா, சொந்தக்காரரை ரயிலடியில் பார்த்த மாதிரி சந்தோசப்பட்டார்.

அந்தக் காலத்தில் அதை இந்தியாவில் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? மில்லில் நூற்பு மெஷின் பூட்ட வந்திருந்த வெள்ளைக்கார எரெக்டர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். அவர் லீவில் ஊருக்குப் போனபோது சொல்லிவிட்டேன். கொச்சித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடமும் சொல்லி வைத்தேன். ரெண்டு பேரில் ஒருத்தராவது கொண்டுவருவார் என்ற கணக்கு. வருசம் திரும்பியபோது ரெண்டு பேருமே கொண்டுவந்துவிட்டார்கள். வேறு வேறு நாட்டுச் சரக்கு, ரெண்டும் பழைய தட்டுக்கு வேண்டிய தடித்த முனை வைத்தது. எரெக்டர் கொண்டுவந்தது கணீரென்று பாடும். கப்பலில் வந்தது கொஞ்சம் அடக்கமாகப் பாடும்.

கடையில் வேறு தட்டுகளைப் போட்டு ரெண்டையும் அவருக்குக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "எதுங்ணா எடுத்துக்கறீங்க?" என்றேன். என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு வருசமாக வெள்ளைக்காரன் காலிலும் கப்பல்காரன் காலிலும் விழாத குறையாகத் தேடித் தருவித்தவன் நான். "ஏனுங்ணா, ஊட்ல அக்காவுக்கு மூவிங் காயிலைப் பத்தி என்னங்ணா தெரியும்? இதென்ன சேலைங்களா, கரை நல்லாருக்குதான்னு கேக்கறதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு ஊட்டுக்கு வாங்க தம்பி. ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. அவளைக் கேக்கறப்ப நீங்களும் கூட இருங்க" என்றார்.

போனேன். மண்பாதையில் உள்ளே திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது வாய்க்கால். தண்ணீர் தளதளவென்று ஓடுகிறது, மோட்டார் சத்தத்தைக் காணோம். அவர் கிணற்றடியில் நின்று என்னை வரவேற்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நிறுத்தி வீட்டுப் பக்கம் திரும்பி, "வாரேன் அம்மணி" என்றார். அப்புறம்தான் என் காதில் அது விழுந்தது. வீட்டுக்குள் யாரோ பித்தளை டம்ளரை மோதிரத்தால் தட்டுகிற சத்தம். ரெண்டே தட்டு.

அந்த அம்மா வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க தம்பி" என்று உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது. சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றியிருந்தார். அதற்கு மேலே தழும்பின் ஒரு முனை தெரிந்தது.

"தொண்டையில கட்டி வந்துச்சுங்க" என்றார் அவர், ஒளிவுமறைவு இல்லாமல். "மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி ஆபரேசன் பண்ணுனோம். உசுரு வந்துருச்சு. குரலு வரலீங்க. பத்து வருசம் ஆச்சு."

சங்கத்துக் கூட்டமும், ஒலிபெருக்கியும், "சத்தம் போட்டா நெம்ப சந்தோசமுங்க" என்று அவர் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. ஊரே ராட்சசி என்று முடிவு கட்டி வைத்திருந்த அம்மாவுக்குச் சத்தமே கிடையாது. அந்த அம்மா சொல்வது காதில் விழ வேண்டுமென்றால் விசிறி சும்மா இருக்க வேண்டும், மோட்டார் சும்மா இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற ஆளும் சும்மா இருக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாமே அவர் பேசுவதற்காகச் சும்மா இருந்தது. அவரைக் கேட்காமல் அங்கே ஒரு காரியமும் நடந்ததில்லை.

"பிளேட்டுல பாடற பொண்ணு?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவதானுங்க. கோயில்ல பாடிட்டிருந்தா. கல்யாணத்துக்கு முந்தி மெட்ராஸ் கம்பெனிக்காரங்க கூட்டிட்டுப் போயி எடுத்தது. அந்தக் கம்பெனியே இப்ப இல்லீங்க. எங்ககிட்ட இருந்ததுல மத்ததெல்லாம் ஒடைஞ்சு, இது ஒண்ணுதான் நின்னுச்சு. மொதல்ல இரும்பு ஊசியில போட்டுப் போட்டுக் கேட்டுக் கெடுத்துப்போட்டேன். பொறவு கிரிஸ்டல்ல போட்டேன், குண்டாவுக்குள்ள பாடற மாதிரி இருந்துச்சு. பயந்துட்டு எடுத்து வெச்சுட்டேன். ரெண்டுல எது அவ குரலைக் குரலாக் குடுக்குதுன்னு அவதானுங்க சொல்லோணும்."

நான் வேலையில் இறங்கினேன். அவர்கள் வீட்டு ரேடியோகிராமில் டிரான்ஸ்பார்மரை ஒயர் செய்து, எர்த் கொடுத்து, உறுமல் அடங்குகிறவரை பார்த்தேன். ஊசியின் பாரம் ஒரு குன்றிமணி கூடிவிடக்கூடாது என்று, ஆசாரியிடம் இரவல் வாங்கிப்போன தங்கத் தராசில் நிறுத்தேன். ஒரு தலைக்கு ஒரு தடவை, அதற்கு மேல் தட்டைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். டன் கணக்கில் இரும்பைப் புரட்டிய கையால், தட்டை உறையிலிருந்து அவரே எடுத்து வைத்தார்.

முதலில் எரெக்டர் கொண்டுவந்தது. இரைச்சலுக்கு நடுவிலிருந்து பதினாறு வயசுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து பாடினாள். ஒவ்வொரு சொல்லும் உடைத்த கற்கண்டு. எனக்கு அதிலேயே மனசு முடிந்துவிட்டது. அந்த அம்மா குனிந்த தலை நிமிராமல் கேட்டார். முடிந்ததும் இல்லை என்று தலையசைத்தார்.

ரெண்டாவதை மாட்டினேன். அதே பாட்டு, கொஞ்சம் தணிந்து, பக்கத்து அறையில் ஆள் இருக்கிற மாதிரி. அதற்கும் தலையசைத்தார். இந்தத் தடவை கண்ணில் தண்ணீர். உதட்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். "ரெண்டும் நானில்லீங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "அப்ப... தேஞ்சுபோச்சுங்களா தம்பி? நானே தேச்சுப்போட்டனா?" என்றார்.

நல்லவேளை, என் டேப் ரிக்கார்டர் ஞாபகத்துக்கு வந்தது. "இல்லவே இல்லீங்ணா! அக்கா, சித்தே கேளுங்க. யாரு குரலை யாரு கேட்டாலும் இதைத்தானுங்க சொல்லுவாங்க. நாம பேசறது நமக்கு உள்ளுக்குள்ள, எலும்பு வழியாவும் கேக்குது. அந்தக் குரல் நமக்கு மட்டுமுங்க. வெளியில இருக்கறவங்களுக்குக் கேக்கறது வேற. என்ற கடையில வந்து பேசுன ஒருத்தருகூட அதைத் தன் குரல்னு ஒத்துக்கிட்டதில்லீங்க" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அந்த அம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. அந்த வீடு அவ்வளவு சும்மா இருந்தது.

"அப்ப என்ற குரலு எப்படீன்னு எனக்குத் தெரியாதுங்களே. நீங்க கேட்டுப்போட்டுச் சொல்லுங்க."

விசிறிக்கு ஒரு மாசம் எடுத்துக்கொண்ட மனுசன். சங்கத் தலைவர் பதவிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டவர். அந்த அம்மா சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள், "ரெண்டாவது" என்றார்.

"நெசமாவா?"

"ரெண்டாவதுதான் அம்மணி. பாட்டை எடுக்கறதுக்கு முந்தி ஒரு மூச்சு இழுப்பே. மொதலாவதுல அது இரைச்சலோட போயிருச்சு. ரெண்டாவதுல இருக்குது."

நான் ரெண்டையும் கேட்டவன்தான், தொழிலே அதுதான், அந்த மூச்சை நான் கவனிக்கவில்லை. அந்த அம்மா கையைத் தன் தழும்பின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். காற்று மாதிரித்தான் வந்தது, ஆனால் சிரிப்பு என்று யாருக்கும் தெரியும்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். எரெக்டர் கொண்டுவந்ததைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். மெயின் ரோடு வரைக்கும் அவரும் கூட நடந்து வந்தார். பேசாமல் வந்திருக்கலாம், என் வாய் அப்படிப்பட்டதா? "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தானுங்ணா நீங்க கேட்டவொடனே பதில் சொல்லி நான் பாக்கறேன்" என்றேன்.

கோயமுத்தூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் கையைக் காட்டி அதை நிறுத்தினார்.

"எங்கீங்க ஒடனே? பத்து வருசமா உள்ளுக்குள்ள அந்தக் குரலைத்தானுங்க கேட்டுட்டு இருக்கறேன்."